பற்றை வெட்டுமுன்

விழா மலரொன்றிலே பெரியோர் வாழ்த்தும், கல்லூரி வரலாறும், சைவமும் தமிழும் பற்றிய கட்டுரைகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே முட்பற்றையையும் நரியையும் பற்றி ஒருவன் எழுதப் புகுதல் சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும் நம் மாணவர் சிரமதானம் என்னும் பெயரிற் கத்தியும் மண்வெட்டியும் ஏந்திச் செய்துவரும் பணியோடு இப்பொருள் நேரே தொடர்புடையது. பற்றை வெட்டி நிலத்தை வெளியாக்குதல் நற்பணி என்பதில் எவரும் ஐயங்கொள்வதில்லை. நற்பணி ஆகலாம், ஆனால் நாம் வெட்டுவது எந்தச் செடி, அதனுள் வாழ்வது எந்த விலங்கு என்பன வெட்டுமுன் அறியப்படல் வேண்டும். இவ்விரண்டையும் அறியாது வீசப்படுங் கத்தி, புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் எஞ்சியுள்ள சிறு விலங்குகட்குச் சீமைச்செடி செய்யுங் கேட்டினும் பெரிய கேட்டைச் செய்துவிடும் என்பது என் துணிபு.

முதலில் நம் கரையின் இயல்பை நோக்குவோம். சிலாபத்திலிருந்து முந்தல், புத்தளம், கற்பிட்டி எனச் சென்று கலா ஓயாவை அடையும்வரை, கடலும் களப்பும் மணலும் மாறிமாறி வருகின்றன. களப்போரத்திற் கண்டல்; அதற்கு மேலே மணற்பாங்கில் உகாயும் விடத்தலும் உடையும் காரையும் சூரையும் பின்னிய முட்காடு; உள்ளே செல்லச் செல்லப் பாலையும் வீரையும் ஓங்கிய உலர்காடு. வடக்கே 1938ஆம் ஆண்டு தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட வில்பத்து இருக்கின்றது. 'வில்லு' என்பது அங்குள்ள இயற்கை நீர்நிலைகளின் பெயர் என்பதும், நம் வண்ணாத்திவில்லும் அப்பெயரையே தாங்கி நிற்பதும் மாணவர் அறிந்தனவே. வில்லின் கரையிலே புல்வெளி. புல்வெளிக்குப் பின்னே அடர்காடு. மான் காலையிலும் மாலையிலும் புல்லிற்கு வரும். வெயிலேறக் காட்டுள் மறையும். மேய்தற்கு வெளியும் ஒளிதற்குப் புதரும் அருகருகே அமைந்தமையால் அங்கே விலங்குகள் செழிக்கின்றன. இந்த இரண்டையும் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்வருவன எல்லாம் இவற்றைச் சுற்றியே அமையும்.

வில்பத்தின் விலங்குகளைக் காக்கச் சட்டமும் காவலரும் உளர். நகரங்களின் விளிம்பிலே தப்பிப் பிழைத்திருக்கும் துண்டு நிலங்களைக் காப்பவர் யார்? களப்போரம், குளக்கட்டு, புகைவண்டிப் பாதையின் இருமருங்கு, பராமரிப்பற்றுப் போன தென்னந்தோட்டம், கோயிற்காணியின் பின்புறம் ஆகிய இவையே அத்துண்டுகள். இவற்றோடு மற்றொன்றுஞ் சேர்ந்தது. 1980களிலும் 1990களிலும் சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே கண்டற்காடுகள் அழிக்கப்பட்டு இறாற் பண்ணைகள் எழுந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியது. பல பண்ணைகள் கைவிடப்பட்டன. கண்டலும் இன்றி இறாலும் இன்றி உவர்ப்பேறிக் கிடக்கும் அக்குளங்களின் வரம்புகளிலே எது முதலில் முளைக்கின்றதோ அதுவே நிலத்தைத் தனதாக்கிக்கொள்கின்றது. இத்தகைய இடங்களை நாடி வருவன நரி, கீரி, முயல், மரநாய், முள்ளம்பன்றி முதலியன. நீர்நிலை அணித்தாயின் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் வரும். யானையையும் சிறுத்தையையும் பற்றி எழுதுவோர் பலர். இவற்றைப் பற்றி எழுதுவோர் அரியர்.

இனி, வந்தேறிச் செடிகள். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒன்று, உண்ணிச்செடி. சிங்களத்திற் 'கந்தபான' என்பர். 1826ஆம் ஆண்டளவில் அலங்காரச் செடியாக இந்நாட்டுக்குக் கொணரப்பட்டது. பூ அழகியது, பழத்தைப் பறவைகள் விரும்பி உண்டு விதையை எங்கும் இடுகின்றன. இலையோ கால்நடைக்கு நஞ்சு. அது செறிந்த இடத்திற் புல் முளைப்பதில்லை. உடவளவை வனத்திலே யானைகள் மேயும் வெளிகளை இச்செடி விழுங்கியமையால் அதை அகற்றப் பெருமுயற்சி வேண்டியதாயிற்று.

இரண்டாவது நாகதாளி. இதனைப் பற்றிய பழைய செய்தியொன்று சுவையானது. 1795இல் சாயத்தொழிலின் பொருட்டு இந்தியாவுக்குக் கொணரப்பட்ட ஒருவகைப் பூச்சி, எதிர்பார்த்த சாயப்பூச்சியன்று என்பது பின்னரே தெரியவந்தது. ஆனால் அது கள்ளியொன்றை உண்டு அழித்தது. அதைக் கண்டோர் 1860களில் அப்பூச்சியை இலங்கைக்குக் கொணர்ந்து கள்ளியை ஒழிக்கப் பயன்படுத்தினர். களையை ஒழிக்க அதன் பகைப்பூச்சியை ஒரு நாட்டினின்றும் மற்றொரு நாட்டுக்கு வேண்டுமென்றே கொண்டுசென்ற முதல் நிகழ்ச்சிகளுள் இது ஒன்று. ஆயின் அப்பூச்சி ஒருவகைக் கள்ளியை அழித்ததேயன்றி, நாம் கரையோரத்திற் காணும் நாகதாளியைத் தீண்டவில்லை. அதற்கு வேறோரினப் பூச்சியை 1920களிற் கொணர வேண்டியதாயிற்று. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும் இரு செடிகளைப் பூச்சி வேறுபிரித்து அறிந்தது. கத்தி ஏந்தியோர் பலர் அவ்வாறு அறிவதில்லை.

மூன்றாவதே கொடியது: சீமைக்கருவேல். மெக்சிக்கோ முதலிய அமெரிக்க வறண்ட நிலங்களுக்கு உரியது. இந்தியாவுக்கு 1870களில் வந்தது. இலங்கையில் 1950களில் உவர்நிலத்தைத் திருத்தும் நோக்குடன் அம்பாந்தோட்டைப் பகுதியில் நடப்பட்டது. அங்கிருந்து பூந்தல வனத்துட் புகுந்து பரவிய வரலாறு விஞ்ஞான மாணவர் யாவரும் படிக்கத்தக்கது. 1990இல் இந்நாட்டின் முதலாவது இராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட இடமே இன்று முட்காடாகித் தவிக்கின்றது. வறட்சியும் உவர்ப்பும் அதற்கு இடையூறல்ல. அதன் இலையை ஆடுமாடு விரும்பா, நெற்றோ இனியது. நெற்றைத் தின்ற விலங்கின் வயிற்றிற் கெடாது வெளிப்படும் வன்தோல் விதை, எருவோடு வீழ்ந்து முளைக்கின்றது. நிலமட்டத்தில் வெட்டினால் ஒன்று பலவாகத் துளிர்க்கும். புத்தளம், மன்னார் ஆகிய வடமேற்குக் கரையின் வறண்ட நிலங்கள் அதற்கு எத்துணை உவப்பானவை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வீதிகளில் உடையவரின்றித் திரியும் கழுதைகளை அறியாதார் இலர். ஒருகாலத்திற் பொதி சுமந்த குலம்; இன்று எவருக்கும் வேண்டாதன. குஜராத் மாநிலத்துக் கச்சு உவர்நிலத்திலே காட்டுக்கழுதைகள் சீமைக்கருவேல் நெற்றைத் தின்று விதையைப் பரப்புகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். நம் கழுதைகளும் அக்குலத்தனவே. நகருக்குள் நெற்றுக் காய்க்கும் ஒரு மரம் இருப்பினும் அதன் விதை களப்போரம்வரை செல்லுதற்கு ஊர்தி ஆயத்தமாக உள்ளது.

இச்செடிகள் விலங்குகட்குச் செய்வது யாது? 'கேடு' என்று ஒரு சொல்லில் விடையிறுப்பது எளிது. அது பாதி உண்மையே.

பாக்கு நீரிணைக்கு அப்பால், வேதாரணியத்தை அடுத்த கோடிக்கரையை நோக்குக. அங்கும் நம் வில்பத்திற்போலப் பாலை ஓங்கிய உலர்காடு உண்டு. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்விடம் வெளிமானுக்குப் பேர்பெற்றது. இலங்கையில் இல்லாத இவ்விலங்கின் பெயரே அதன் வாழ்வைக் கூறுகின்றது: வெளியில் வாழும் மான். பகையைத் தொலைவிற் கண்டு ஓடித் தப்புதல் அதன் இயல்பு. புதர் அதற்குப் புகலிடமாகாது. கோடிக்கரையின் புல்வெளியிற் சீமைக்கருவேல் பரவப் பரவ வெளிமானின் நிலம் சுருங்குகின்றது. இதில் ஒரு கொடுமை என்னவெனில், புல் குறைந்த காலத்திலே அம்மான் அம்மரத்தின் நெற்றையே தின்கின்றது. தன் புல்வெளியை அழிக்கும் விதையைத் தானே விதைக்கின்றது.

நகருக்குள் நிகழ்வதை அறியச் சென்னையின் கிண்டி வனம் சான்று. ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீற்றரே பரப்புடைய அவ்வனத்தைச் சுற்றிலும் மாநகரம். அங்கே வெளிமானும் உண்டு, புள்ளிமானும் உண்டு. புதர் செறிந்த பகுதிகளிற் புள்ளிமான் பெருகி வாழ, வெளிமான் 'போலோ மைதானம்' எனப்படும் திறந்த வெளியையே பற்றிக்கொண்டிருக்கின்றது. பெருங்காட்டிற் புல்வெளி ஒன்று மூடினால் விலங்கு மற்றொன்றை நாடிச் செல்லும். மதிலும் வீதியும் சூழ்ந்த நகர்க்காட்டிலே செல்லுமிடம் ஏது? ஆதலின் அங்கே ஒரு பற்றை பரவுதல், காட்டில் நூறு பற்றை பரவுதற்கு ஒப்பாகும்.

இதுவரை கூறியன கத்தியை உடனே கையிலெடுக்கத் தூண்டும். ஆனால் மேய்வனவற்றின் வழக்கை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூறல் நீதியன்று; ஒளிவனவற்றின் வழக்கும் உண்டு. குஜராத்திலுள்ள வேளாவதர் வனமும் வெளிமானுக்கெனக் காக்கப்படுவதே. அங்கே ஓநாய்கள் அதே சீமைக்கருவேற் புதருள் பகலைக் கழித்துக் குட்டிகளையும் வளர்க்கின்றன. சுற்றிலும் மறைவற்ற நிலத்திலே அவற்றுக்கு வேறு மறைவு இல்லை. மானின் பகையான செடி ஓநாயின் வீடாயிற்று.

நம் நாட்டிலே கொழும்பின் ஈரநிலங்கள் இதற்கு ஒப்பாவன. 2018இல் இராம்சார் உடன்படிக்கையின்கீழ் ஈரநில நகரமாக ஏற்கப்பட்டவற்றுள் கொழும்பும் ஒன்று. அச்சதுப்புக்களில் 'வெல் ஆத்தா' எனப்படும் நீரன்னமுன்னா பெருகிக் கிடக்கின்றது. அதுவும் அயல்நாட்டு வந்தேறியே. அதே சதுப்புக்களில் மீன்பிடிப் பூனை வாழ்கின்றது. ஆராய்ச்சியாளர் அப்பூனைகட்குக் கழுத்துப்பட்டியிற் கருவி பூட்டி அவற்றின் நடமாட்டத்தை அறிந்துள்ளனர். இரவிலே அவை சதுப்பினின்று புறப்பட்டு வீட்டுத் தோட்டத்து மீன்தொட்டிகளையும் நாடுகின்றன! உலக அளவில் அருகிவரும் இவ்விலங்கு சட்டத்தாற் காக்கப்பட்டது. பகலில் மறைந்திருக்க அடர்ந்த செடியின்றேல் அது நகரில் வாழாது. செடி எந்நாட்டது என்று பூனை வினவுவதில்லை. கண்டலை வெட்டிய இடத்திலே வந்தேறிப் பற்றையாவது எஞ்சியிருக்க, அதையும் ஒரே நாளில் 'பெக்கோ' இயந்திரத்தைக் கொண்டு வழித்தெடுத்தால், பூனைக்கும் நரிக்கும் எஞ்சுவது பெருவீதியே. அவ்வீதியில் அவற்றின் முடிவு எவ்வாறாகும் என்பதைச் சிலாபம்–புத்தளம் வீதியிற் காலைவேளையிற் செல்வோர் அறிவர்.

'அவ்வாறாயின் பற்றையில் விலங்கு மிகுந்திருத்தல் நலமன்றோ? விட்டுவிடலாமே' என்று ஒருவர் வினவலாம். அதற்கும் விடையுண்டு. அமெரிக்காவின் சென் லூயி நகரை அடுத்த காடுகளிலே கிழக்காசியாவினின்றும் சென்ற ஒருவகைப் புதர்ச்செடி பரவியுள்ளது. 2010இல் வெளிவந்த ஆய்வொன்று, அப்புதர் உள்ள இடங்களை மான்கள் மிகுதியாக நாடுகின்றன என்றும், மானை ஒட்டி உண்ணிகளும், உண்ணிகளை ஒட்டி மனிதர்க்கு நோய் தரும் கிருமிகளும் அங்கே மிகுகின்றன என்றும், புதரை அகற்றியபின் மானின் வரவும் கிருமியுற்ற உண்ணியும் குறைந்தன என்றும் காட்டிற்று. ஆகவே ஓரிடத்தில் விலங்கு திரண்டிருத்தல் அவ்விடத்தின் நலத்துக்குச் சான்றாகாது. வீட்டு வேலியை ஒட்டிய பற்றையினுள் எலியும் பாம்பும் நரியும் நெருங்கியிருத்தல் எவர்க்கும் நன்மையன்று. விசர்நோய் உள்ள நாட்டில் நரியும் நாயும் ஒரே குப்பைமேட்டிற் சந்திப்பது விரும்பத்தக்கதன்று. நரிக்கும் அது வாழ்வாகாது.

ஆகவே அகற்றத்தான் வேண்டும். ஆனால் எவ்வாறு? தமிழ்நாட்டின் அண்மைக்கால அனுபவம் நமக்குப் பயன்படும். 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக்கருவேலை அகற்றுமாறு ஆணையிட, மாவட்டந்தோறும் இயந்திரங்கள் இறங்கின. அதே ஆண்டில், ஆய்வின்றி இவ்வாறு அகற்றுதல் தகுமோ என்னும் வழக்கும் எழுந்து, சிறிதுகாலம் அப்பணி நிறுத்திவைக்கப்பட்டது. 2022இல் மாநில அரசு, வந்தேறிச் செடிகளை அகற்றுதலையும் இயற்கைக் காட்டை மீட்டலையும் ஒருங்கே கூறும் கொள்கையொன்றை வெளியிட்டது. அகற்றலும் மீட்டலும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அறிய ஐந்து ஆண்டுகள் சென்றன. இராமநாதபுரத்து வறியோர் பலர்க்கு அம்மரத்தின் விறகும் கரியுமே பிழைப்பு என்பதையும் அங்கே மறக்க முடியவில்லை. நம் கரையிலும் விறகு பொறுக்கும் பெண்கள் உளர். அவர்களைக் கலந்துகொள்ளாது எடுக்கும் முடிவு நிலைக்காது.

நம் மாணவர் செய்யக்கூடியதை இனிக் கூறுகிறேன். நகரசபையும் பிரதேச சபையும் செய்ய வேண்டுவனவும் உள; அவற்றை அவர்களிடமே கூறுவோம்.

செடியை அறிதல் முதற்பணி. சீமைக்கருவேலை உடையென்று விட்டுவிடுவாரும், உடையைச் சீமைக்கருவேலென்று வெட்டுவாரும் உளர். உடை குடைபோல் விரியும். அதன் பூ சிறு உருண்டை. சீமைக்கருவேலின் பூ நீண்ட கதிர். நெற்று மஞ்சளாய் நீண்டு தொங்கும். விடத்தலும் முள்ளுடையதே, அதன் பூங்கதிர் பாதி இளஞ்சிவப்பும் பாதி மஞ்சளுமாய் இரு நிறத்தால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். மன்னார்ப் பக்கத்து விடத்தல்தீவு தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் அம்மரத்தைப் 'பற்றை' என்று வெட்டி எரிப்பது அறியாமையன்றி வேறென்ன? உயிரியல் ஆசிரியர் ஒருவர் முன்சென்று, விடவேண்டிய செடிகளுக்குச் சாயத்துணி கட்டிய பின்னரே கத்தி உள்ளே புகுதல் வேண்டும்.

விலங்கை அறிதல் இரண்டாவது. இதற்குப் பெரும்பொருள் வேண்டா. மணலை நமக்கு இறைவன் நிரம்பத் தந்துள்ளான். மாலையிற் பற்றையைச் சுற்றி மணலைத் தடவிச் சமன்செய்து, விடியலிற் சென்று அடிச்சுவடு பார்க்கலாம். நரியின் அடியில் நகக்குறி பதியும். பூனையினம் நகத்தை உள்ளிழுப்பதால் பதியாது என்று பாடநூல் கூறும். ஆனால் மீன்பிடிப் பூனையின் நகம் முற்றும் உள்ளே மறையாதாகலின் சிலவேளை பதிதலும் உண்டு. முயல் பாயும்போது பின்கால்கள் முன்கால்களுக்கு முன்னே விழும். இவற்றை ஒரு மாதம் குறித்தால் அப்பற்றையின் குடிமதிப்பு ஒருவாறு கைக்கு வந்துவிடும். எச்சத்தைத் திரட்டிச் சிரட்டையில் மண்ணிட்டு விதைத்தால், எந்த விலங்கு எந்த விதையைச் சுமக்கின்றது என்பதும் சில கிழமைகளில் வெளிப்படும். உயர்தர வகுப்புச் செயன்முறைக்கு இதனினும் நல்ல பாடம் எது? வெளிநாடுகளில் வாழும் பழைய மாணவர் இரண்டு தானியங்கிக் கமராக்களை அனுப்புவரேல் இரவில் வருவனவும் புலப்படும். மேசை நாற்காலிக்குப் பொருள் தருவோர் இதனையும் எண்ணுவாராக.

வெட்டும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். வெளியிலே தனித்தனியாக முளைத்துள்ள கன்றுகளை முதலில் வேரோடு பிடுங்குக. அவற்றுள் எவ்விலங்கும் குடியிருப்பதில்லை. மேய்ச்சல் நிலமும் காக்கப்படும். அடுத்து வீட்டு வேலிகளையும் பாடசாலை மதிலையும் ஒட்டிய பற்றைகளை நீக்கலாம். நெற்றுக் காய்க்கும் பெருமரங்களைக் கழுதையும் மாடும் நாடுமுன் அகற்றலாம். நெடுங்காலமாய்ச் செறிந்து விலங்கு குடிகொண்ட பற்றையையோ இறுதியிலேயே தொடவேண்டும். அதையும் ஒரு பகுதியை அகற்றி, அவ்விடத்து உகாயும் விடத்தலும் நட்டு, களப்போரமாயின் கண்டலும் நட்டு, அவை மறைவுதரும் அளவு வளர்ந்த பின்னரே மறுபகுதியை அணுகுதல் தகும். பாலை மெல்ல வளரும் மரம். இன்றைய மாணவன் நடுவதன் பழத்தை அவன் மக்களே காண்பர். அதற்காக நடாதிருத்தல் கூடாது. குட்டிகள் உள்ள வளை தென்பட்டால் அப்பருவம் கழியும்வரை அவ்விடத்தை விட்டுவிடுக.

இதனால் வேலை நீளும். ஒருநாட் சிரமதானத்தில் முடியாது. முடிந்தபின் எடுக்கும் நிழற்படமும் அவ்வளவு கவர்ச்சியாய் இராது. உண்மையே. ஒரேநாளில் வழித்துத் துடைத்த காணி, மறுமழைக்குப் பின் முன்னிலும் செறிந்த சீமைக்கருவேற் காடாவதை இக்கரையில் நான் பலமுறை கண்டிருக்கிறேன். வேர்க்கட்டையை விட்டுக் கிளையை வெட்டுவோர்க்கு அம்மரம் அளிக்கும் பரிசு அதுவே.

வடகீழ்ப் பருவமழை ஓயும் தை மாதத்திலே மணல் இளகியிருக்கும்; கன்றுகள் கைக்கு எளிதாய் வரும். கல்லூரியை அடுத்த களப்போரத்தில் அரைமைல் நீளமுள்ள ஒரு துண்டைத் தேர்ந்து, அதன் செடியையும் சுவட்டையும் எழுதும் குறிப்பேடு ஒன்றை உயிரியல் ஆய்வுகூடத்தில் வைக்குமாறு அதிபரையும் பழைய மாணவர் சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறேன். மார்கழியிற் சுவடு பார்த்தல் தொடங்கினால் தையிற் பிடுங்கற்குரிய இடம் எது, விடற்குரிய இடம் எது என்பது தெரிந்துவிடும்.